கன்ஃபிகர் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்

கன்ஃபிகர் (கணினியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அமைப்பது), மேக் (கட்டுவது), மேக் இன்ஸ்டால் (நிறுவுவது) என்று மூன்று வரி அடித்து மென்பொருளை மூலநிரலில் இருந்து கம்பைல் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வேண்டியதை ‘வேண்டும்’ என்றும் வேண்டாததை ‘வேண்டாம்’ என்றும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) எழுதி வைத்துக்கொண்டுதான் கம்பைல் செய்ய வேண்டும் என்பேன். ‘இருந்தால் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் பரவாயில்லை’ என்று கன்ஃபிகரிடம் விடுவது வசதி மாதிரி தெரியும். தமிழில் வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் முதல் தலைவலி.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு வீடியோ கடை. கல்யாணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக் கோயில் திருவிழா எல்லாம் அவர்கள்தான் எடுப்பார்கள். கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். அதோடு வருவது, வீடியோவைக் கையாளும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் 4.4 பதிப்பு. வீடியோ மேல் எழுத்துப் போட அதில் டிராடெக்ஸ்ட் என்று ஒரு ஃபில்டர் உண்டு. ‘தைப்பூசம்’ என்று கொடுத்தால் ‘த’ முன்னால் நிற்கும், இடது பக்கம் வர வேண்டிய ஐகாரக் கொம்பு வலது பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி பிறகும்தான் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது யாராவது அதை இடம் மாற்றி வைக்க வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் துணை நிரல்) செய்வது அந்த வேலையைத்தான். டிராடெக்ஸ்ட் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில்.

அதனால் கடைத் தம்பி புதுப் பதிப்பை இறக்கிக் கம்பைல் செய்தான். நல்ல முடிவுதான். பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து, ஃபாண்டைப் படித்து எழுத்து வரையும் ஃப்ரீடைப் லைப்ரரியை மட்டும் எனேபிள் செய்திருந்தான். கன்ஃபிகர் முணுமுணுக்கவில்லை, மேக்கும் ஒழுங்காக முடிந்தது. ஓட்டிப் பார்த்தால், டிராடெக்ஸ்ட் என்று ஒரு ஃபில்டரே கிடையாது என்கிறது. “அண்ணே, புது வெர்ஷன்ல அதத் தூக்கிட்டானுங்களா?” என்று போன் வந்தது.

யாரும் தூக்கவில்லை. 6.1 முதல் அந்த ஃபில்டருக்கு ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் இரண்டும் வேண்டும். ஒன்று இல்லை என்றதும் கன்ஃபிகர் ஃபில்டரையே சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) ஆள் வராவிட்டால் கிராணி (எழுத்தர்) செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறித்து வைப்பார். இங்கே வராத ஆளின் பெயரே பட்டியலில் இருந்து காணாமல் போய்விடுகிறது.

எஃப்எஃப்எம்பெக்கை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. சப்டைட்டிலுக்கு வேண்டிய லிப்ஆஸ் போன்றவற்றை நாம் கேட்டால்தான் சேர்க்கும். கேட்டு, அது கணினியில் இல்லை என்றால் அங்கேயே எர்ரர் காட்டி நின்றுவிடும். எனக்குப் பிடித்த குணம் இது. எனேபிள்-ஃபில்டர் என்று டிராடெக்ஸ்டைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், கழற்றும்போது ஓர் எச்சரிக்கையாவது வந்திருக்கும். கூடவே ஃபேட்டல்-வார்னிங்ஸ் என்ற ஆப்ஷனையும் போட்டால் எச்சரிக்கை வந்ததுமே கன்ஃபிகர் தோல்வி என்று முடித்துக்கொள்ளும். டிஸ்ஏபிள்-ஆட்டோடிடெக்ட் என்றும் ஒன்று இருக்கிறது. தானாகத் தேடிச் சேர்க்கும் பழக்கத்தையே அது அணைத்துவிடும். மூன்றையும் பழகிக்கொள்ளுங்கள்.

ஆட்டோகான்ஃப் (கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் கருவி) வழியாக வரும் கன்ஃபிகர்களில் கதை இன்னும் மோசம். ஆப்ஷன் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால், தெரியாத ஆப்ஷன் என்று ஒரு வரி எச்சரிக்கையோடு மேலே போய்க்கொண்டே இருக்கும். நூற்றுக்கணக்கான ‘செக்கிங்’ வரிகளுக்கு நடுவில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? படத்தின் மேல் தமிழ் எழுத்தை ஒழுங்காகப் போட, படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக்குக்கு ராக்ம் என்ற லைப்ரரி வேண்டும். அது உள்ளே வந்ததா என்பது வெர்ஷன் கேட்டால் வரும் டெலிகேட்ஸ் (சேர்க்கப்பட்ட லைப்ரரிகள்) வரியில் இருக்கும். பேனர் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் பாருங்கள், புண்ணியமாகப் போகும்.

இந்த ‘தானாகத் தேடும்’ பழக்கம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. டேவிட் மெக்கன்சி 1991இல் ஆட்டோகான்ஃபைத் தொடங்கிய காலத்தில் ஊருக்கு ஒரு வகை யூனிக்ஸ் இயங்குதளம் இருந்தது. எந்தக் கணினியில் எந்த ஃபங்ஷன் இருக்கும் என்று ஓட்டுபவருக்கே தெரியாது. கணினியைத் தோண்டித் துருவிக் கண்டுபிடிப்பது அன்றைக்கு உபகாரம். அந்தத் தோண்டலை நானும் குறை சொல்லவில்லை. கணினியில் என்ன இருக்கிறது என்று அது தேடட்டும். எனக்கு என்ன வேண்டும் என்பதை அது முடிவு செய்யக்கூடாது.

சரி, ஸ்கிரிப்டில் என்ன எழுதுவது? முதல் வேலையாக செட் மைனஸ் ஈ (set -e), அதாவது ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தச் சொல்லும் வரி. இதை விட்டால், கன்ஃபிகர் தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காமல் மேக்குக்குப் போகும். போன தடவையின் அமைப்பு அதே ஃபோல்டரில் கிடந்தால் அதை வைத்தே கட்டிவிடும், நாமும் வெற்றி என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் பிரிஃபிக்ஸ், அதாவது எங்கே நிறுவ வேண்டும் என்ற இடம். கணினியில் ஏற்கெனவே இருப்பதை மிதிக்காமல் வேறு ஃபோல்டரில் போடுங்கள். அதன்பின் வரிக்கு ஓர் ஆப்ஷனாக எழுதி, ஏன் அது என்று மேலே ஒரு கமெண்ட். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 வேண்டும் என்றால் எனேபிள்-ஜிபிஎல் (ஜிபிஎல் உரிமத்தை ஏற்கும் ஆப்ஷன்) கட்டாயம், இல்லாவிட்டால் கன்ஃபிகர் மறுத்துவிடும். கடைசி வரியில், கட்டிய எஃப்எஃப்எம்பெக்கிடமே ஃபில்டர் பட்டியலைக் கேட்டு டிராடெக்ஸ்டை கிரெப் செய்யுங்கள் (தேடுங்கள்). இல்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே தோற்கட்டும்.

“உபுண்டு 24.04க்கு மாறினால் 6.1 தானாக வருமே, எதுக்கு இந்தப் பாடு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாற முடிந்தவர்கள் மாறுங்கள், கம்பைலே செய்ய வேண்டாம். அந்தக் கடையின் கேப்சர் கார்டு டிரைவர் பழைய கெர்னலில்தான் (இயங்குதளத்தின் மையப்பகுதியில்தான்) ஓடுகிறது, அதனால் அங்கே ஸ்கிரிப்ட்தான். கேட்பவர்களுக்கு இன்பாக்ஸில் அனுப்புகிறேன். ஃபாண்ட் இருக்கும் ஃபோல்டரை மட்டும் உங்கள் கணினிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.