கணக்கே படிக்காத பிள்ளைக்கு ஏஐ சீட்டாம்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டில் போன் வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு டிரஸ்ட், மத்தியானம் ஒரு கல்விக் குழுமம், சாயங்காலம் ஒரு நிகர்நிலை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வந்தது பாருங்கள் ஒரு போன்.

"வாழ்த்துகள் மேம்! பாப்பா செலக்ட் ஆயிருக்காங்க!"

எதுக்கு செலக்ட்? யார் அப்ளை பண்ணியது?

"பி.டெக் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் மேம். நம்ம காலேஜ்ல, மெரிட்ல!"

நம்ம காலேஜாம். அந்தக் கல்லூரியின் பெயரை நான் பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தில் பார்த்ததோடு சரி. "அம்மா, என் பொண்ணு படிச்சது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். நீங்க யாரையோ நினைச்சுக்கிட்டு பேசுறீங்க" என்றேன். மகளின் பெயர், பள்ளி, மொத்த மதிப்பெண் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தார். யாரையோ இல்லை, என் பிள்ளையைத்தான். அவள் பெரியப்பாவுக்கே நாங்கள் இன்னும் மதிப்பெண் சொல்லவில்லை.

"குரூப் பத்தி கவலைப்படாதீங்க மேம். கட் ஆஃப் சூப்பரா இருக்கு, 176!"

பொறியியல் கட் ஆஃப் என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. இந்த மூன்றில் ஒன்றையும் என் மகள் பதினொன்றாம் வகுப்பிலிருந்து தொட்டது கிடையாது. அவள் நியாயமாக எடுத்திருக்க வேண்டியது முட்டை. அப்புறம் அந்த 176 எங்கிருந்து முளைத்தது? கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. "அக்கவுண்டன்சியும் கணக்குதானே மேம்?"

போனை அங்கேயே வைத்திருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சு எதுவரைக்கும்தான் போகும் என்று பார்க்கிற வீம்பு வந்துவிட்டது. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். முன்னால் எழுதி ஒட்டியிருப்பார்கள்போல. கவுன்சிலிங்கில் போனால் சீட் கிடைக்காதாம். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டால் "பிளாக்" பண்ணிவிடலாமாம். ஏனம்மா, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மெரிட்டில் செலக்ட் ஆன பிள்ளைக்கு எதற்கு மேனேஜ்மெண்ட் கோட்டா? "ரெண்டும் ஒண்ணுதான் மேம்." இரண்டும் ஒன்றாம்! கலந்தாய்வு முடிந்தும் ஆயிரக்கணக்கில் பொறியியல் இடங்கள் காலியாகவே கிடப்பதை வருஷா வருஷம் பேப்பரில் போடுகிறார்கள். இவர்களோ நாளைக் காலைக்குள் சீட் தீர்ந்துவிடும் என்கிறார்கள். நன்கொடை வசூலிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. அதற்கென்ன, "டோக்கன்" என்று பெயர் வைத்துக்கொண்டால் போயிற்று.

கடைசியில், "அவளுக்கு பி.ஏ. ஹிஸ்டரிதாம்மா வேணும், அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டாச்சு" என்றேன். அப்போது வந்தது ஒரு பெருமூச்சு. என் மாமியாரிடம்கூட அப்படி ஒரு பெருமூச்சை நான் கேட்டதில்லை.

"ஹிஸ்டரியா? அதுல என்ன மேம் ஸ்கோப் இருக்கு?"

இங்கேதான் எனக்கு உச்சி மண்டை சூடானது. கீழடியில் 2015-ல் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து இந்த மாநிலத்தில் வரலாறு பேசாத மேடை உண்டா? பட்டிமன்றம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கல்யாண வீட்டுப் பந்தி, எங்கே போனாலும் ஈராயிரம் ஆண்டுப் பெருமை. ஆனால் ஒரு பிள்ளை வட்டெழுத்து படிக்கணும், கல்வெட்டு வாசிக்கணும் என்று சொல்லிவிட்டால் போதும், மொத்தக் குடும்பமும் துக்கம் விசாரிக்க வருகிறது. "மார்க் கம்மியா?" என்று காதோரமாகக் கேட்கிறார்கள். இல்லைங்க, நல்ல மார்க். நல்ல மார்க் எடுத்தவள் வரலாறு படிக்கக் கூடாதா? நாலு வருஷம் இன்ஜினியரிங் முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 2 கோச்சிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்வது எதை? சோழர் நிர்வாகமும் உத்திரமேரூர்க் குடவோலை முறையும்தானே? அதே பாடத்தை என் பெண் முன்னாலேயே ஆசைப்பட்டுப் படித்தால் மட்டும் ஸ்கோப் இல்லையாம்.

இதை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "ஓகே மேம், எங்க குரூப்லயே ஆர்ட்ஸ் காலேஜும் இருக்கு. பி.காம். சி.ஏ. பார்க்கலாமா?"

ஹிஸ்டரி இருக்கா?

"அது க்ளோஸ் பண்ணிட்டோம் மேம். யாரும் சேரல."

சேருவார்களா! சேர வருகிறவர்களைத்தான் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டு விரட்டுகிறீர்களே!

நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "டேட்டாபேஸ்ல இருக்கு மேம்." 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேற்றினார்கள். 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று அதில் இருக்கிறது. என் மகளுக்குப் பதினேழு. என்னிடம் ஒப்புதல் கேட்டவர் எவருமில்லை. வேலைவாய்ப்பு வழிகாட்டி என்ற பெயரில் மண்டபத்தில் நடக்கிற கண்காட்சியில் ஒரு துணிப்பைக்காக எழுதிக்கொடுத்த சீட்டோ, டெமோ கிளாஸுக்குப் போட்ட கையெழுத்தோ, ஏதோ ஒன்று எக்செல் ஷீட்டாக மாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. 1909 என்ற எண்ணில் "தொந்தரவு வேண்டாம்" என்று பதிவு செய்தும் வைத்திருக்கிறேன். விளம்பர அழைப்பு 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டுமாம். இவர்கள் சாதாரண செல் நம்பரிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்றை பிளாக் செய்தால் இன்னொன்று. அந்தப் பெண்ணைத் திட்டியும் பிரயோசனமில்லை, மாதத்துக்கு இத்தனை அட்மிஷன் என்று அவர் தலையிலும் ஒரு டார்கெட் கட்டியிருப்பார்கள். இருந்தாலும் திட்டினேன். அந்த 176-க்காகவாவது திட்ட வேண்டும்.

இன்று காலை மறுபடி ஒரு புது நம்பர். எடுத்தவுடனே, "ஏஐயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், எங்களுக்கு ஹிஸ்டரிதான் வேணும்!" என்று கத்தினேன். "மேடம், சிலிண்டர் கொண்டாந்திருக்கேன், கீழே நிக்கிறேன்" என்றார் அவர். உள்ளே மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் மாடி ஏறி வந்து, ஓடிபி வாங்கிக்கொண்டு, பில்லுக்கு மேலே ஐம்பது ரூபாய் கேட்டார் பாருங்கள்! டெலிவரி செலவு பில் தொகையிலேயே சேர்ந்துதானே இருக்கிறது? அப்புறம் எதற்கய்யா தனியாக ஐம்பது?