நாலு நிமிஷமா, ஒரு மணி நேரமா?
டிராக் சைக்கிளிங் (அரங்கில் சுற்றுப்பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயம்) என்றாலே காற்றுத் தடையைக் குறைக்கும் துளையில்லாத ஏரோ ஹெல்மெட்டும், உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடையான முழுக்கை ஸ்கின்சூட்டும்தான் என்று கட்டுரையில் ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். போட்டி எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டாமா?

4 கி.மீ. பர்சூட் (எதிரெதிர்ப் பக்கத்தில் புறப்பட்டுத் துரத்தும் பந்தயம்) நாலு நிமிஷச் சொச்சத்தில் முடிந்துவிடும். உடம்பு கொதிக்கத் தொடங்குவதற்குள் கடைசிச் சுற்று மணி அடித்துவிடும். அங்கே என் ஓட்டும் ஏரோவுக்கே. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கும் சாதனை முயற்சி வேறு கதை. 400 வாட் மிதித்தால் உடம்பில் 1,200 வாட்டுக்கு மேல் சூடாகவே சேரும். போதாக்குறைக்கு, சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் காற்றுத் தடையும் குறைவு என்று அரங்கையே வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள்!

பாயின்ட்ஸ் ரேஸ் (இடையிடையே வரும் ஸ்பிரிண்டுகளில், அதாவது வேகப் பாய்ச்சல்களில், புள்ளி சேர்க்கும் கூட்டப் பந்தயம்) ஒன்றில் வைசர் (கண்ணை மறைக்கும் கண்ணாடித் தடுப்பு) வைத்த மூடிய ஹெல்மெட்டோடு இறங்கி நான் பட்ட பாடு இருக்கிறதே... வேகம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இரண்டு ஸ்பிரிண்டுக்கு நடுவே கூட்டம் மெதுவானதும் வைசரின் உள்பக்கம் மூச்சுக்காற்றில் பனி படர்ந்தது. நெற்றிப் பஞ்சு ஊறி, வியர்வை சொட்டுச் சொட்டாக இமையில் விழுந்தது. சுற்று எண்ணிக்கைப் பலகையே தெரியவில்லை. அதற்கப்புறம் நீண்ட போட்டிகளுக்கு முன்பக்கம் நாலைந்து துளை உள்ள ஹெல்மெட்தான்.

காற்றோட்டத்துக்காக ஒரு சைஸ் பெரிய ஸ்கின்சூட் வாங்குவதும் வீண். தோளில் விழும் சுருக்கமே காற்றைப் பிடித்து இழுக்கும். மெல்லிய துணி தோலோடு ஒட்டியிருந்தால்தான் வியர்வையும் சீக்கிரம் காயும். புறப்படும்வரை ஜிப்பைத் திறந்துவிட்டு, ஐஸ் வெஸ்ட் மாட்டிக்கொண்டு, மின்விசிறி முன்னால் உட்காருங்கள். அதனால் ஏரோவில் ஒரு துளிகூடக் குறையாது.