இரண்டு வார்டுகளுக்கு நடுவே

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்து இன்றோடு 19 நாட்கள் ஆகின்றன. இந்த நாட்களில், நான் உறுப்பினராக இருக்கும் உள்ளாட்சி மன்றத்தின் கூட்டங்கள் மூன்று நடந்தன. இரண்டுக்குப் போனேன், ஒன்றுக்குப் போகவில்லை. போகாத அந்தக் கூட்டத்தைப் பற்றி என் வார்டு மக்கள் சிலர் கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாலைப் பார்வையாளர் நேரமும் மன்றக் கூட்டமும் ஏறத்தாழ ஒரே வேளையில் வருகின்றன. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் விடுப்பு எடுத்தால் அவருடைய இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்து வேலையைப் பார்த்துவிடலாம். மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினருக்குப் பெரும்பாலான மன்றங்களில் அந்த வழி கிடையாது. அவர் வராவிட்டால் அவருடைய வார்டின் குரல் அன்றைக்கு அங்கே இல்லை, அவ்வளவுதான்.

முதல் வாரத்தில் அப்பாவுக்கு நினைவு தடுமாறியது. மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் முதியவர்கள் பகல் இரவு தெரியாமல் குழம்புவது அடிக்கடி நேர்வதுதான் என்றும், பழகிய முகமும் குரலும், அவர்களுடைய கண்ணாடியும் காதுக் கருவியும் அப்போது பெரிதும் கைகொடுக்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். அப்பாவின் காதுக் கருவியோ இழுப்பறையில் ஒரு கைக்குட்டைக்குள் சுருண்டு கிடந்தது. எடுத்துத் துடைத்து, பேட்டரியை மாற்றிக் காதில் பொருத்தினேன். அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் திரும்பி, "இன்னைக்குக் கூட்டம் இல்லையாப்பா?" என்று கேட்டார். இருந்தது. நான் போகாமல் விட்ட கூட்டம் அதுதான்.

அந்த நேரத்தில் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. குடிநீர்க் குழாய் உடைந்து தெருவில் தண்ணீர் ஓடுவதாக நான்கு பேர் அழைத்திருந்தார்கள். வராந்தாவுக்கு வந்து பொறியாளரிடம் பேசி, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று உறுதிசெய்துகொண்டு திரும்பியபோது, பார்வையாளர் நேரம் முடிய பத்து நிமிடங்களே மீதி இருந்தன.

உடைந்த குழாயை மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே கவனிக்க முடிந்தது. அதே வராந்தாவிலிருந்து ஒரு தீர்மானத்துக்கு வாக்களிக்க மட்டும் முடியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி மன்றங்கள் காணொளி வழியே கூடி முடிவெடுத்தன. இங்கிலாந்தில் அந்தத் தற்காலிக அனுமதி 2021 மே 7ஆம் தேதிக்குப் பின் தொடரவில்லை; வேல்ஸோ அதே ஆண்டு சட்டம் இயற்றி, தொலைவிலிருந்தே பங்கேற்கும் ஏற்பாட்டை நிலையாக்கிக்கொண்டது. வேல்ஸ் எடுத்த முடிவே சரி என்பது என் உறுதியான கருத்து. முகம் பார்த்து விவாதிப்பதற்கு ஈடில்லை என்பதை நான் மறுக்கவில்லை. வரவு செலவுத் திட்டக் கூட்டம் என்றால் எப்பாடுபட்டாவது நேரில்தான் போவேன். ஆனால், பெற்றோரையோ பிள்ளையையோ நோய்ப்படுக்கையில் விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் மட்டுமே உறுப்பினராக இருக்க முடியும் என்றால், வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் பெண்கள் எத்தனை பேர் தேர்தலில் நிற்கத் துணிவார்கள்?

என் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, ஓர் உறுப்பினர் தொடர்ந்து ஆறு மாதங்கள் எந்தக் கூட்டத்துக்கும் வராமல், அதற்கான காரணத்தை அந்தக் கெடுவுக்குள் மன்றமும் ஏற்காமல் போனால், பதவி போய்விடும். காரணத்தைச் சபையறியச் சொல்ல வேண்டும் என்ற அந்த எதிர்பார்ப்பு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. நான் அப்படிச் செய்யவில்லை. குடும்ப விஷயத்தை ஏன் வெளியே சொல்ல வேண்டும் என்று தயங்கி, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்காக வார்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது தலைவரிடம் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டேன். நான் கைபேசியை எடுக்காத நேரங்களில் வரும் புகார்களைப் பக்கத்து வார்டு உறுப்பினர் பார்த்துக்கொள்வதாக மனமுவந்து சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவை நேற்று அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து படித்தேன். நான்காவது பொருள், அந்தப் பழைய குழாயை மாற்றும் பணி. அதை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.