எங்கள இறந்தகாலத்துலயே எழுதாதீங்க

பொண்ணு ஏழாவது படிக்கிறா. போன வாரம் டியூஷன் நோட்ஸ வச்சு ஒப்பிச்சிட்டு இருந்தா, "தமிழ்நாட்டில் சமணம் வீழ்ச்சியடைந்ததற்கான காரணங்கள்". ராஜாக்கள் ஆதரவு போச்சு, பக்தி இயக்கம் வந்துச்சு, விரதமெல்லாம் ரொம்ப கடுமை, வரிசையா எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு "அப்ப தாத்தா ஊர் ஜினாலயத்துல பூஜை பண்றது யாருப்பா?"ன்னு கேட்டா. ஜினாலயம்னா சமணக் கோயில்.

நாங்க தமிழ்ச் சமணருங்க, நயினார்னு சொல்லுவாங்க. பூர்வீகம் வந்தவாசி பக்கம், விவசாயக் குடும்பம். மார்வாடியும் கிடையாது குஜராத்தியும் கிடையாது, பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து வீட்ல பேசறது தமிழ்தான். இருந்தும் நாங்க ஜெயின்னு சொன்னா "ஓ, சேட்டா?"ன்னு கேக்காத ஆளே இல்ல.

பாடத்துல தப்பா எழுதியிருக்குன்னு சொல்ல வரல. ஏழாம் வகுப்புல தமிழ்நாட்டுச் சமணம், பௌத்தம், ஆசீவகம்னு தனிப் பாடமே வச்சிருக்காங்க, நாங்க படிச்சப்ப இந்த அளவுக்குக் கூட இல்ல, அதுக்கு நன்றி. என் வருத்தம் வேற. சித்தன்னவாசல், கழுகுமலை, கற்படுக்கை, கல்வெட்டுன்னு சமணம்னாலே கல்லாத்தான் புள்ளைங்க மனசுல பதியுது. வாழ்ந்தார்கள், பரப்பினார்கள், மறைந்தார்கள். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கிற குடும்பம், மகாவீரர் முக்தி அடைஞ்ச நாள்னு தீபாவளி கொண்டாடற குடும்பம் பக்கத்து தெருவுலயே இருக்கலாம்னு ஒரு பிள்ளைக்கும் தோணாது.

நான் படிச்சப்ப ஒரு வாத்தியார் மதுரையில 8000 சமணர கழுவேத்துன கதைய அவ்ளோ சுவாரசியமா நடத்தினாரு. க்ளாஸ் மொத்தமும் திரும்பி என்னையே பாத்துச்சு. அது புராணத்துல வர்ற கதை, உண்மையிலயே நடந்துச்சான்னு ஆய்வாளர்களே சந்தேகப்படறாங்க, அத அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். இன்னிக்கும் அந்த பெஞ்சு ஞாபகம் இருக்கு எனக்கு.

உ.வே.சா. சீவக சிந்தாமணிய 1887ல பதிப்பிச்சாரு இல்லையா, அதுக்கு முன்னாடி அதுல இருக்கற சமண விஷயங்கள் புரியாம கும்பகோணத்துல சமணர் வீடுகளுக்கே தேடிப் போய் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு. அவரு சைவர். ஏட்டுல இருந்ததுக்கு அர்த்தம் சொல்ல அந்த வீடுகள்ல ஆள் இருந்தாங்க! இலக்கணத்துக்கு நன்னூல் படிக்கிறோமே, எழுதின பவணந்தி முனிவரும் சமணர்தான். இதெல்லாம் தமிழ்ப் பாடத்துல ஒரு பக்கம், சமூக அறிவியல்ல வீழ்ச்சி இன்னொரு பக்கம், ரெண்டையும் சேத்து சொல்ல ஆளில்ல.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கம் இருக்கற டீச்சர்ஸ் யாராவது இத படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் நடத்தற வாரம் பசங்கள போளூர் பக்கம் திருமலைக்கு கூட்டிட்டுப் போங்க, குந்தவை பேர்லயே ஜினாலயம் இருக்கு, மலையில எங்க தீர்த்தங்கரர்கள்ல ஒருத்தரான நேமிநாதர் 16 அடி சிலையா நிக்கறாரு. இல்லைன்னா செஞ்சி பக்கம் மேல்சித்தாமூர், மடம் இன்னிக்கும் நடக்குது. அங்க இருக்கறவங்க கிட்ட புள்ளைங்களயே பேச விடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி போனீங்கன்னா சாப்பிட வச்சுத்தான் அனுப்புவாங்க.