போர்க்கால வானொலியில் ஹாலிவுட் காதல் நகைச்சுவை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வானொலி ஒலிபரப்பிய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களின் நாடக வடிவங்களை, அப்படங்களின் சுருங்கிய நகல்கள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் படங்களின் உயிர் வசனத்தில்தான் இருந்தது என்பதற்கு அந்த நாடகங்களைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

லீவர் சகோதரர்கள் நிறுவனம் தன் சோப்புக்காக நடத்திய 'லக்ஸ் ரேடியோ தியேட்டர்' இவற்றுள் முதன்மையானது. சி.பி.எஸ். வானொலியில் திங்கட்கிழமை இரவுகளில் ஒரு மணி நேரம் ஒலித்த அந்நிகழ்ச்சியை 1936 முதல் 1945 ஜனவரி வரை இயக்குநர் செசில் பி. டெமில் வழங்கினார். நட்சத்திரங்கள் எழுத்துப் பிரதியோடு ஒலிவாங்கி முன் நின்று, அரங்கில் எழும் சிரிப்புக்கு இடம் விட்டு, நேரலையில் நடித்தார்கள். விளம்பரமும் பேட்டியும் போக எஞ்சிய நேரத்துக்குள் முழுக் கதையும் அடங்க வேண்டும்.

பியர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து மூன்று மாதங்களில், 1942 மார்ச் 9 அன்று, 'தி லேடி ஈவ்' என்ற படத்தின் நாடக வடிவம் அந்நிகழ்ச்சியில் ஒலிபரப்பானது. படத்தின் நாயகி பார்பரா ஸ்டான்விக்கே இதிலும் நடித்தார். படத்தின் நாயகன் ஹென்றி ஃபோண்டாவின் இடத்துக்கு ரே மிலண்ட் வந்தார். ஃபோண்டா தடுக்கித் தடுக்கி விழும் காட்சிகளை வானொலி தர முடியாது என்பது உண்மைதான். ஆனால் படத்தில், கப்பலின் உணவுக்கூடத்தில் அமர்ந்து, கைக்கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே, செல்வந்தனான நாயகனை மயக்க முயலும் பெண்களை நாயகி ஒவ்வொருவராக வர்ணித்துக்கொண்டு போவாளே, அந்தக் காட்சி எழுதப்பட்டபோதே பாதி வானொலி நாடகம். 1934 முதல் கண்டிப்பாக அமலான தணிக்கை விதிகள் உடல் நெருக்கத்தைத் தடுத்ததால், எழுத்தாளர்கள் ஆசை முழுவதையும் வாக்குவாதத்துக்குள் வைத்தார்கள். வாக்குவாதத்துக்குத் திரை தேவையில்லை.

'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' என்ற படம் இவ்வளவு எளிதாக வானொலிக்கு வரக்கூடியதன்று. மனைவி கோல்ஃப் மட்டையை முழங்காலில் வைத்து ஒடிப்பதும், கணவன் அவள் முகத்தில் கைவைத்துத் தள்ளுவதுமான அதன் தொடக்கத்தில் வசனமே ஏறக்குறைய கிடையாது. ஆயினும் 1942 ஜூலை 20 அன்று, 'விக்டரி தியேட்டர்' என்ற வானொலித் தொடரின் முதல் நிகழ்ச்சியாக, கேதரின் ஹெப்பர்ன், கேரி கிராண்ட், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மூவரும் அதை மீண்டும் நடித்தபோது, 1940-இல் வந்த படத்துக்கு இல்லாத ஒரு கனம் சேர்ந்துகொண்டது. ஸ்டூவர்ட் 1941-இலேயே படையில் சேர்ந்து, அப்போது ராணுவ விமானப் பிரிவில் லெப்டினன்டாக இருந்தார். பணக்கார வீட்டுப் பெண்ணிடம் மனம் தடுமாறும் பத்திரிகையாளனாக அவர் பேசிய குரல், மகனையோ கணவனையோ முகாமுக்கு அனுப்பிவிட்டு வானொலியருகே இருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் எண்ணுகிறேன்.

வீரர்களுக்கும் இந்த நாடகங்கள் சென்றன. 1942-இல் தொடங்கப்பட்ட படைகளுக்கான வானொலிச் சேவை, இத்தகைய நிகழ்ச்சிகளிலிருந்து விளம்பரங்களை நீக்கி, 16 அங்குல ஒலித்தட்டுகளில் பதிந்து, கடல் கடந்த முகாம்களுக்கு அனுப்பியது. அக்காலத்து நேரலைகள் பல இன்றும் நமக்குக் கிடைப்பதற்கு அத்தட்டுகளும் ஒரு காரணம். இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேட்க விரும்புகிறவர்கள் 'தி லேடி ஈவ்' நாடகத்திலிருந்து தொடங்கலாம். படத்தை இன்னும் பார்க்காதவராக இருந்தால், நாடகத்தையே முதலில் கேளுங்கள்.