ரத்தம் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு துக்க வீடு. இறந்தவனுக்கு இருபத்திரண்டு வயது, வெட்டுக்காயம். "நம்ம ரத்தமே அப்படி" என்றார் ஒரு பெரியவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அங்கே வைத்துப் பேச மனம் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையோரம் பெத்தாய்க் காய் விற்கும் பூர்வகுடிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் செமாய் மக்கள் வாழும் பகுதி. 1960களில் அவர்களோடு தங்கியிருந்த மானிடவியலாளர் ராபர்ட் டெண்டன், 1968இல் அவர்களை வன்முறையற்ற மக்கள் என்று எழுதினார். அதே ஆண்டு இன்னொரு மானிடவியலாளர் நெப்போலியன் ஷாக்னோன், அமேசான் காட்டு யானோமாமி மக்களை மூர்க்கமானவர்கள் என்று எழுதினார். மனிதனின் இயல்பு எது என்ற வாதத்தில் இந்த இரண்டு பெயரும் அடிபட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் யானோமாமி சண்டைகளின் வரலாற்றைத் தோண்டிய மானிடவியலாளர் பிரையன் ஃபெர்குசன், வெளியார் கொண்டுவந்த இரும்புக் கோடாலியும் வெட்டுக்கத்தியும் யாருக்குக் கிடைக்கும் என்ற போட்டியே பல போர்களுக்குப் பின்னால் இருந்தது என்று 1995இல் காட்டினார். செமாய்களும் பிறவியிலேயே சாதுவானவர்கள் இல்லை. அடிமை பிடிக்க வந்தவர்களுக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் ஓடிப் பிழைத்தவர்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில், 1956இல் பூர்வகுடிகளைக் கொண்ட செனோய் பிராக் படை அமைந்தபோது அவர்களிலும் சிலர் துப்பாக்கி ஏந்தினார்கள்.

அவர்களிடம் இருப்பது ஒரு பழக்கம். தகராறு வந்தால் தலைவர் வீட்டில் கூடி 'பெச்சாரா' என்ற பேச்சுக்கூட்டம் நடத்துவார்கள். இரு தரப்பும் உறவினர்களும் மாறி மாறிப் பேசுவார்கள். விடிய விடியப் போகும், சில சமயம் மறுநாளும் தொடரும். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்பார்கள். இனிச் சொல்ல எதுவும் மிச்சமில்லை என்ற பிறகுதான் தலைவர் புத்தி சொல்வார். அதற்குள் கோபம் பேசிப் பேசியே தேய்ந்திருக்கும்.

ரப்பர் தோட்ட லயத்தில் நமக்கும் கோவில் திடல் இருந்தது. அங்கே நடந்த விசாரிப்பு எப்போதும் நியாயமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் உட்காரவைத்துக் கேட்க நாலு பேர் இருந்தார்கள். அப்புறம் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. நாம் பிளாட்டுக்கு வந்தோம், திடல் வரவில்லை. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைப் பட்டியலிட்டு, உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ரத்தம், ரத்தம் என்கிறோம். தாத்தா காலத்திலும் இதே ரத்தம்தானே ஓடியது?

செத்தவனுக்கும் வெட்டியவனுக்கும் ஆறு மாதமாகப் பகை. பிளாட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓர் இரவு இருவரையும் உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை. கீழே மண்டபம் காலியாகத்தான் கிடந்தது.