ஜெனிசிஸ் பாப் பக்கம் திரும்பியது எப்போது?

1975-இல் முன்னணிப் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியதுமே ஃபில் காலின்ஸ் ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவைப் பாப் குழுவாக்கிவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. 1970-இல் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்த அவர் முன்னணிப் பாடகரான பிறகு, 1976-இலேயே இரண்டு ஆல்பங்கள் வந்தன. இரண்டுமே அசல் புரோகிரசிவ் ராக், அதாவது சிக்கலான தாளங்களும் நீண்ட பாட்டுகளும் கொண்ட ராக் வகை. அவற்றில் ஒன்றான 'எ டிரிக் ஆஃப் தி டெயில்' ஆல்பத்தின் முதல் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள், ஏழு ஏழாக எண்ண வேண்டியிருக்கும். எனக்குப் பிடிபடவே பல நாள் ஆனது.

அப்புறம் 1977-இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட்டும் போனார். மூவர் மட்டும் மிஞ்சிய 1978-இல் வெளியான 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' பாட்டுதான் பாப் பக்கம் உண்மையான திருப்பம். அதன் வரிகளை எழுதியவரும் காலின்ஸ் அல்ல, 1967-இல் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக் ரதர்ஃபோர்டு.